எண்ணெயை எட்டிப் பார்த்த குற்றம்

கேன்டீனில் வேலை பார்த்த காலத்தில் சமையல்காரருக்குச் 'சட்டிகவிழ்த்தான்' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. பொரிக்கிற எண்ணெய் கொஞ்சம் நிறம் மாறினால் போதும், மூக்கைச் சுளிப்பார், சட்டியைக் கவிழ்த்துவிடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"யோவ், இன்னும் ஒரு வேளைக்குத் தாங்கும்யா!"

"எண்ணெய் தாங்கும்ங்க. சாப்பிடறவன் வயிறு தாங்குமா?"

 அப்பேர்ப்பட்ட மனுஷன், ஓர் எண்ணெயை மாற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாயாய்ப் பேயாய் அலைந்தார் என்றால் யாராவது நம்புவார்களா? அலைந்தார். அவரை அலையவிட ஒரு புதுக் காரும் ஒரு மச்சினனும் வேண்டியிருந்தது.

கேன்டீனை விட்டுவிட்டு, அவரும் மனைவியுமாக வீட்டிலேயே சமைத்து, மதியச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழிலைத் தொடங்கியிருந்தார்கள். கையிலிருந்தது, கழுத்திலிருந்தது எல்லாம் காராக மாறியது. வண்டி ஓடினால் அடுப்பு எரியும், வண்டி நின்றால் அடுப்பும் நின்றுவிடும். இதுதான் குடும்பத்தின் மொத்தக் கணக்கு.

எந்தக் கார் வாங்குவது என்ற கேள்வியே எழவில்லை. மனைவியின் தம்பி கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்'. சொந்த அக்காள் புருஷன் வேறு கம்பெனி வண்டி வாங்கினால் அவனுடைய மகிழ்ச்சி என்ன ஆவது?

"அத்தான், பழைய வண்டி மாதிரி இல்ல இது. ஆயில் எப்ப மாத்தணும்னு அதுவே சொல்லும். நீங்க மண்டையை உடைச்சுக்கவே வேண்டாம்."

"சொல்லாம விட்டுடுச்சுன்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"என் தம்பி சொன்னா சொன்னதுதான்," என்றாள் மனைவி. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, சமையல்காரர் முன்பணத்தைக் கட்டிவிட்டார்.

வண்டியைக் கையில் கொடுக்கிற அன்று பெரிய விழாவே நடத்தினார்கள். கண்ணாடிக் கூடத்தின் நடுவில் கார் பட்டுத்துணி போர்த்தி நின்றது. துணியை இழுத்ததும் சிப்பந்திகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். தட்டிய கைகளில் மச்சினன் கைதான் பலமாகத் தட்டியது. பிறகு, கழுத்துப்பட்டை இறுகி முகம் சிவந்த ஒரு பெரியவர் முன்னால் வந்தார். அவர் தலைமை ஆயில் ஆலோசகர். அவருடைய விரல் நகங்களில் ஆயிலின் சுவடே இல்லை.

"சார், வலது கையை பானெட் மேல வைங்க. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. இதை நான் திறக்க மாட்டேன்."

"இதை நான் திறக்க மாட்டேன்."

"உள்ளே எட்டிப் பார்க்க மாட்டேன். வண்டி சொல்வதைக் கேட்பேன். வண்டி சொல்லாததைக் கேட்க மாட்டேன்."

சமையல்காரர் சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவியும், அவசியமில்லாமலேயே, சேர்ந்து சொன்னாள். அப்புறம் பானெட்டைக் கம்பெனியே திறந்து, ஆயில் ஊற்றுகிற மூடியின் மேல் தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியது. அதற்குப் பெயர் நம்பிக்கை முத்திரை.

"ஆயில் அளவு பார்க்க ஒரு கம்பி இருக்குமே, அது எங்கேங்க?" என்று கேட்டார் சமையல்காரர். கைதட்டல் நின்றுபோயிற்று.

"கம்பி இருந்தா உருவிப் பார்க்கணும்னு தோணும் சார்," என்றார் தலைமை ஆலோசகர் கனிவாக. "அதனால கம்பியையே எடுத்துட்டோம். உங்க நிம்மதிதான் எங்களுக்கு முக்கியம்."

நிம்மதி சில மாதம் ஓடியது. கார் திரையின் மூலையில் பச்சையாக ஒரு சொட்டு. பச்சை என்றால் ஆயில் நலம். சிவந்தால் மாற்ற வேண்டும். அந்தச் சொட்டைச் சமையல்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அது பச்சையிலிருந்து அசையவே இல்லை. சட்டியில் கொதிக்கிற எண்ணெய் ஒரே நாளில் கறுக்கிறது, இந்த எண்ணெய் மட்டும் எப்படி இத்தனை நாள் இளமையாகவே இருக்கிறது என்று அவருக்கு உறுத்தத் தொடங்கியது.

மனைவி வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தாள். சாதாரணமாக ஓட்டுகிறவர்கள் சாவகாசமாக ஆயில் மாற்றலாம். கடினமாக ஓட்டுகிறவர்கள் அதில் பாதித் தூரத்திலேயே மாற்றிவிட வேண்டும். கடினம் என்றால் என்ன என்பதற்கு விளக்கமும் இருந்தது. கிட்டக் கிட்டப் போய் நிறுத்துவது, நெரிசல், வெயில், குளிர், தூசி, பாரம், மேடு.

"இதுல நாம எதுல இல்லைங்க?"

சமையல்காரர் யோசித்தார். "மேடு ஏறுறதில்லையே."

"நம்ம தெருமுனையில இருக்கறது என்ன, பள்ளமா?"

ஆக, காற்றில்லாத, வெயிலில்லாத, மனுஷன் இல்லாத ஏதோ ஓர் இடத்தில் வெறும் வண்டியை ஓட்டினால் ஒழிய, எவனும் சாதாரணமானவன் இல்லை என்று தெரிந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு, தெருவுக்குத் தெரு நின்று நின்று போகிற தான் கண்டிப்பாகக் கடினம்தான் என்று முடிவுகட்டி, சமையல்காரர் சர்வீஸ் சென்டருக்குப் போனார்.

வரவேற்பில் இருந்த பெண் பதறிவிட்டாள். "அதை நீங்களே முடிவு பண்ணக்கூடாது சார்! அதுக்குன்னு வகைப்படுத்தற பிரிவு இருக்கு."

வகைப்படுத்தும் பிரிவு ஒரு சோபா, ஒரு செடி, ஒரு காபி இயந்திரம் எல்லாம் கொண்டது. செடி பிளாஸ்டிக். காபியும் கிட்டத்தட்ட அதே ரகம். அங்கே ஓர் இளம் ஆலோசகர் சமையல்காரரை எதிரே உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயில் மாத்தணும்னு எப்போலேருந்து தோணுது சார்?"

"கொஞ்ச நாளா."

"வீட்டில ஏதாவது பிரச்சினையா? தூக்கம் வருதா?"

"தூக்கம் வருதுங்க. வண்டிதான் காலையில கிளம்பறப்ப கடகடங்குது."

"அதை விடுங்க, உங்களைப் பத்திப் பேசுவோம். இது ஆயில் கவலை. புது வண்டிக்காரங்க நிறையப் பேருக்கு வருது. சீக்கிரம் ஆயில் மாத்தறவங்க எங்களை நம்பாதவங்க. லேட்டா மாத்தறவங்களை நாங்க நம்பறதில்லை."

"சரியான நேரத்துல மாத்தறவங்க?"

ஆலோசகர் கூரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்படி யாரும் இதுவரைக்கும் வரலை சார்."

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவனைப் போல அந்தப் பையன் எண்ணெயைப் பற்றித் தனக்குப் பாடம் நடத்துவதைச் சமையல்காரர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், அவர் கடினமா சாதாரணமா என்று அறிய ஒரு பயண மதிப்பீட்டாளர் கூட வருவார் என்று முடிவானது.

மதிப்பீட்டாளர் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தார். பின் சீட்டில் பாத்திரங்களோடு பாத்திரமாக உட்கார்ந்தார். முதல் அலுவலகம் வருவதற்குள், "மதிப்பீட்டுக்குத் தேவைப்படுது" என்று சொல்லி ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டாவது அலுவலகத்தில் இன்னொன்று. அதற்குப் பிறகு வண்டி நெரிசலில் நின்றது, வெயிலில் வெந்தது, தூசியில் புதைந்தது, தெருமுனை மேட்டில் முக்கி முனகியது. எதுவும் அவருக்குத் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். இறக்கிவிடும்போது கண்ணைக் கசக்கியபடி தீர்ப்புச் சொன்னார்.

"அலுங்காம குலுங்காம இருந்துச்சு சார். நீங்க ரொம்பச் சாதாரணம்."

சமையல்காரர் காலிப் பொட்டலங்களைப் பொறுக்கினார். ஆனாலும் மச்சினன் இருக்கிறானே! அன்றைக்கே அவனிடம் கேட்டார். "மாப்ள, உன்கிட்டயும் இதே வண்டிதானே? நீ எப்ப மாத்தற?"

"நானா? வண்டி சொன்னாதான் அத்தான். பச்சையா இருந்தா நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

இதைச் சொன்னபோது அவன் கண் சிமிட்டவில்லை, நாக்குக் குழறவில்லை. அக்காள் புருஷனின் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னான். சமையல்காரர் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? மனைவி வீட்டுச் சொந்தம்.

ஆனால் கடகடப்பு நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் மனைவி அடுப்படியிலிருந்தே கத்தினாள். "இத்தனை காலமும் எண்ணெயோடயே கிடந்த மனுஷன், ஒரு மூடியைத் திறந்து பார்க்க யாரைக் கேட்கணும்? திறந்து பாருங்களேன்!"

"சத்தியம் பண்ணியிருக்கேன்டி."

"நானும்தான் பண்ணேன். என் பங்கை நான் வாபஸ் வாங்கிட்டேன். தள்ளுங்க."

தங்க முத்திரை கிழிந்தது. மூடியைத் திருகி எடுத்ததும், அடிப்பக்கத்தில் பழைய வாணலி அடியில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி கருங்களி. சமையல்காரர் விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மனைவி பயந்துவிட்டாள். திரையில் சொட்டு மட்டும் பசேலென்று சிரித்தது.

விடுமுறை நாட்களில் மச்சினனுக்கு அக்காள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த வாரமும் வந்தான். மொறுமொறுவென்று பொரித்த உருளைக்கிழங்கை ஒரு தட்டு முடித்து, இரண்டாவது தட்டுக்குக் கை நீட்டினான். சமையல்காரர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். முத்திரையைக் கிழித்தது, களி, தீய்ந்த வாசனை, எல்லாவற்றையும். வீட்டு மனுஷனிடம் எதை ஒளிப்பது?

மச்சினன் மெல்லுவதை நிறுத்தினான். "அத்தான், இதை வெளியில யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க."

"நான் ஏன்டா சொல்லப் போறேன்?"

"நானும் சொல்ல மாட்டேன். அக்கா மேல சத்தியம்."

மறுவாரமே சமையல்காரருக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடிக் கூடத்துக்குப் பின்னால் ஒரு நீள மேஜை, அதன் நடுவில் தலைமை ஆலோசகர். மேஜையின் ஓரத்தில், மடியில் கைகளை வைத்துக்கொண்டு, திருடனுக்குத் தேள் கொட்டியது போல மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் சமையல்காரருக்குப் புரியவில்லை. தனக்காகப் பேச வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார். சிரிக்கக்கூடச் செய்தார்.

"நீங்க ஆயிலைப் பார்த்திருக்கீங்க," என்றார் தலைமை ஆலோசகர். "எங்க அலுவலரே மனசு கேட்காம வந்து சொன்னார். சொந்தம்னுகூடப் பார்க்கலை. இப்படிப்பட்டவங்களாலதான் கம்பெனி நிக்குது."

சமையல்காரர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் அங்கேயும் மூலையில் நின்ற ஒரு பிளாஸ்டிக் செடியைப் பார்த்தான்.

"ஐயா, பார்த்தது தப்புன்னே வச்சுக்கங்க. ஆனா ஆயில் கெட்டுப்போயிருக்கே! தீஞ்ச வாடை அடிக்குது. மாத்திக் குடுங்க, காசு நான் குடுத்துடறேன்."

"ஆயில் எப்படி இருக்குங்கறது இங்க பேச்சே இல்லை சார். அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கறதுதான் பேச்சு." தலைமை ஆலோசகர் முன்னால் சாய்ந்தார். "நாங்க இத்தனை பேர் இருக்கோம். எங்கள்ல ஒருத்தராவது வண்டிக்குள்ள எட்டிப் பார்த்திருப்போமா? பார்த்ததில்லை. அதனாலதான் எங்களால எல்லா வண்டிக்கும் உத்தரவாதம் தர முடியுது. ஆளாளுக்குப் பார்க்க ஆரம்பிச்சா நாங்க எதுக்குய்யா உத்தரவாதம் தரணும்?"

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். தீர்ப்பும் உடனே வந்தது. சமையல்காரர் நம்பிக்கை மீட்பு வகுப்பில் சேர வேண்டும். வகுப்பு முடிந்து புது முத்திரை ஒட்டும் வரைக்கும் ஆயிலை மாற்ற முடியாது. முத்திரை கிழிந்த வண்டிக்கு ஆயில் மாற்றினால், கிழித்ததைக் கம்பெனியே ஒப்புக்கொண்டதாகிவிடும். வெளியே எங்காவது மாற்றினால் வாரண்டி அடியோடு போய்விடும்.

"அதுவரைக்கும் வண்டியை என்ன பண்றது?"

"தாராளமா ஓட்டுங்க. சொட்டு பச்சையாத்தானே இருக்கு?"

வாசலில் மச்சினன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க அத்தான். நான் சொல்லாம இருந்து பின்னாடி தெரிஞ்சா என் வேலை போயிடும். கொஞ்சம் பொறுங்க, உள்ள இருந்துக்கிட்டே நான் சரி பண்றேன். வெளிய மட்டும் மாத்திடாதீங்க."

எந்த முட்டாளும் இந்த இடத்தில் உதறிவிட்டுப் போய், தெருமுனைப் பட்டறையில் ஆயிலை மாற்றியிருப்பான். சமையல்காரர் முட்டாள் இல்லை. முட்டாளைவிட மோசமான நிலைமை அவருடையது, அவர் சொந்தக்காரர். வீட்டில் மனைவியிடம், "உன் தம்பி பாத்துக்கறேன்னான்," என்று மட்டும் சொன்னார். காட்டிக்கொடுத்தது யார் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. வகுப்புக்குப் போனார். அங்கே கண்ணைக் கட்டிவிட்டு, பின்பக்கமாகச் சாயச் சொன்னார்கள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்களாம். சாய்ந்தார். அந்த நேரத்தில் காபி இடைவேளை விட்டுவிட்டார்கள்.

முதுகுவலி தீர்வதற்கு முன்னால் அது நடந்தது. மதிய நேரம், பின் சீட்டு நிறையச் சாப்பாடு, தெருமுனை மேடு. வண்டி ஒரு முறை இருமியது, ஏதோ உள்ளே நறநறவென்று கடித்தது, அவ்வளவுதான். இன்ஜின் அப்படியே இறுகிப்போய் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சூடு ஆறிக்கொண்டிருந்த பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து சமையல்காரர் திரையைப் பார்த்தார். சொட்டு பச்சை.

மறுபடியும் நீள மேஜை. இந்த முறை மனைவியும் கூட வந்திருந்தாள். தலைமை ஆலோசகருக்கு உண்மையிலேயே வருத்தம். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்ஜின் போயிடுச்சு சார். காரணம், நேரத்துக்கு ஆயில் மாத்தாதது. பாரம், நெரிசல், மேடு, இப்படி ஓட்டினா பாதித் தூரத்துலயே மாத்தியிருக்கணும். நீங்க ரொம்பக் கடினமான ஆள்."

"நீங்கதானேய்யா சாதாரணம்னீங்க!"

"அது வண்டி ஓடினப்போ. நின்ன வண்டியை வச்சுத்தானே சார் சரியாச் சொல்ல முடியும்? அதுவும் தெரியாம நடந்திருந்தா நாங்களே பெரிய மனசு பண்ணியிருப்போம். ஆயில் தீஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சே ஓட்டியிருக்கீங்க. சாட்சி இருக்கு." அவர் மேஜை ஓரத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

மச்சினன் எழுந்தான். எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்தவன் போல ஒப்பித்தான். "ஆமாம். விடுமுறை அன்னைக்கு, சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ, ஆயில் கெட்டுப்போச்சுன்னு அவரே என்கிட்ட ஒத்துக்கிட்டார்."

மனைவிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "அடப்பாவி!" என்றாள். அப்படியே அழுதுவிட்டாள். அவள் அழுது சமையல்காரர் பார்த்ததே குறைவு. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சொல்வார்கள். அறுக்கிறவன் நம்ம வீட்டுச் சாப்பாட்டைத் தின்று கொழுத்தவன் என்றால் கத்தி இரண்டு மடங்கு ஆழம் போகிறது.

அவள் முகம் கழுவ வேண்டும் என்றாள். குழாயைத் தேடிக்கொண்டு இருவரும் கட்டிடத்துக்குப் பின்னால் போனார்கள். அங்கே ஒரு கொட்டகை, கம்பெனி ஆட்களின் சொந்த வண்டிகள் வரிசையாக நின்றன. முதலாவது தலைமை ஆலோசகருடையது, அடுத்தது அந்தச் சோபாக்காரப் பையனுடையது. நடுவில், வண்டி தூக்கும் மேடையில் உயர்ந்து நின்றது மச்சினனின் கார். அடியில் திருகாணியைக் கழற்றி, வாளி வைத்து, ஆயிலை வடித்துக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்த கதவு வழியாகத் திரை தெரிந்தது. சொட்டு பச்சை.

பின்னாலேயே சமாதானம் சொல்ல ஓடிவந்த மச்சினன், அங்கேயே நின்றுவிட்டான்.

"பச்சையா இருக்கறப்போ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்னியே மாப்ள?" என்றார் சமையல்காரர்.

"இல்லத்தான்... அது... எங்களுக்கு விஷயம் தெரியுமில்ல."

சமையல்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். 

அலுவலகங்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டன. செத்த கார் வீட்டு வாசலில் நின்றது. சமையல்காரர் வாசலிலேயே அடுப்பைப் போட்டு, போகிற வருகிறவர்களுக்குப் பொரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். சில வாரம் தலைகாட்டாமல் இருந்த மச்சினன், ஒரு விடுமுறை நாளில் எதுவுமே நடக்காதது போல வந்து, உள்ளே பாய் விரித்து உட்கார்ந்தான். பசி வெட்கம் அறியாது. சமையல்காரர் ஒரு தட்டு பொரித்த உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

மச்சினன் ஒரு துண்டை எடுத்தான். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவன் நிறுத்தினான். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவன் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டான்.

"அத்தான், வாசல்ல கண்டவங்களுக்கும் பொரிக்கறீங்களே... எண்ணெய் எப்ப மாத்தினீங்க?"

சமையல்காரர் அவனையே பார்த்தார். "இப்பத்தான். நீ வர்றது தெரிஞ்சதும்."

சொன்ன சொல் போதவில்லை. மச்சினன் எழுந்து வாசலுக்குப் போய், சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். எண்ணெய் தெளிவாக இருந்தது, சட்டியின் அடி தெரிந்தது. திருப்தியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது பாயின் முன்னால் தட்டு இல்லை. தட்டு அக்காள் கையில் இருந்தது.

"எட்டிப் பார்த்துட்ட இல்ல?" என்றாள் அவள். "முத்திரை கிழிஞ்சுபோச்சு தம்பி. இனிமே உனக்கு இந்த வீட்டுல எந்த உத்தரவாதமும் கிடையாது. எழுந்திரு."

அவன் அத்தானைப் பார்த்தான். சமையல்காரர் வாசலுக்குப் போய் அடுப்பை அணைத்தார். சட்டி கொஞ்சம் ஆறட்டும் என்று நின்றார். பிறகு, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவன் எட்டிப் பார்த்த அந்தக் கறுக்காத எண்ணெயைக் கவிழ்த்துக் கொட்டினார்.